சிவப்புக் கோட்டுக்கு உள்பக்கம்

நகரத்தின் மீது அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுவதற்கு ஒரு வாரியம் இருந்தது. விளைவு மதிப்பீட்டு வாரியம் என்று பெயர். குண்டு யாரிடம் இருக்கிறது, அவனுக்கு நம்மீது என்ன கோபம், அந்தக் கோபத்தைப் பேசித் தணிக்க முடியுமா என்பதெல்லாம் வாரியத்தின் வேலை இல்லை. அதற்கு வேறொரு துறை இருந்தது. ஆள் போடாததால் அது பூட்டிக் கிடந்தது.

பல வருட உழைப்புக்குப் பிறகு வாரியம் மதிப்பீட்டை முடித்தது. மேல்சபை அதை ஏற்றுக்கொண்டது. நகர மண்டபத்தில் அதற்கு ஒரு விழாவும் நடந்தது. வாரியத்தின் இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, நம் நகரம் கொடுத்துவைத்த நகரம். பக்கத்து நகரத்தைப் பாருங்கள். நாளைக்கே குண்டு விழுந்தால் எத்தனை பேர் போவார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்பாரற்றுச் சாவார்கள். நம் மக்கள் அப்படி இல்லை. ஒவ்வொருவரும் கணக்கில் இருக்கிறார்கள். யாரையும் நாங்கள் விட்டுவிடவில்லை."

கைதட்டல் அடங்க நேரமானது. பின்னால் தொங்கிய வரைபடத்தில் மூன்று வட்டங்கள் இருந்தன. சிவப்பு வட்டத்துக்குள் கட்டடமும் இல்லை, ஆளும் இல்லை. அதைச் சுற்றியிருந்த ஆரஞ்சு வட்டத்துக்குள் கூரை விழும், தோல் வேகும். வெளியே இருந்த மஞ்சள் வட்டத்துக்குள் கண்ணாடி உடையும், பிறகு கறுப்பு மழை பெய்யும்.

"நடுப்புள்ளி எப்படிச் சந்தை நீரூற்றில் வந்தது?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"வரைபடம் வடிகால் துறையிடம் இரவல் வாங்கியது" என்றார் இயக்குநர். "அவர்கள் ஏற்கெனவே காம்பஸ் ஊன்றிய ஓட்டை அந்த இடத்தில் இருந்தது. இரவல் படத்தில் புது ஓட்டை போட எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"எதிரி சரியாக அந்த ஓட்டையில்தான் போடுவானா?"

"அது அவனுடைய பொறுப்புணர்ச்சியைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் பெயின்டருக்கு அழைப்பு வந்தது. அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர் அல்ல, ரோட்டுக்கு அடிப்பவர். பாதசாரிகள் கடக்கும் பட்டை, வண்டி நிறுத்தும் கட்டம், பள்ளிக்கூடத்து வாசலில் 'மெதுவாகச் செல்' என்ற எழுத்து எல்லாம் அவர் கைவண்ணம். ஒரு தள்ளுவண்டி, நாலு டின், ரோலர், சுண்ணப்பொடி தோய்த்த நீள நூல். நூலின் மறுமுனையைப் பிடிக்கத் தெருவில் யார் சும்மா நிற்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுக்கொள்வார். ரோட்டில் கோடு போடுகிற ஆளுக்கு உதவ மாட்டேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"தான் எந்த மண்டலத்தில் சாகப்போகிறோம் என்றே தெரியாமல் ஒருவர் நடமாடுவது நாகரிகம் இல்லை" என்றார் இயக்குநர். "மூன்று வட்டத்தையும் தரையில் போட்டுவிடுங்கள்."

"ஐயா, வட்டம் ஒரு வீட்டுக்கு நடுவுல போச்சுன்னா?"

"வீட்டுக்குள்ளயும் போடுங்க. குண்டு என்ன, கதவைத் தட்டிட்டா வரும்?"

பெயின்டருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

முதலில் மஞ்சளும் ஆரஞ்சும் போட்டார். பிறகு சிவப்பு. சிவப்புக் கோடு ஒரு வங்கியின் கண்ணாடிக் கதவில் ஏறி, பூங்காவில் ஒரு பெஞ்சை இரண்டாகப் பிரித்து, ஒரு முடிதிருத்தும் கடையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் போனது. அன்று முதல் அந்தக் கடையில் வெளிப்பக்க நாற்காலிக்கு மட்டும் வரிசை நின்றது. கடைக்காரர் உள்பக்க நாற்காலிக்குக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தார். மொட்டை போட வந்த ஒருவர் மட்டும் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் எதையும் விளையாட்டாக்கிவிடுவார்கள். எல்லோரும் கோட்டின் மேல் நிற்க, ஒருவர் கை தட்ட வேண்டும். உள்ளே குதித்தால் 'பொசுக்', வெளியே குதித்தால் 'காயம்', கோட்டின் மேலேயே நின்றுவிட்டால் அவுட். பெயின்டருடைய தெருவில் இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி, எதிர்வீட்டுத் தையல்காரரின் மகள்தான். அவளுடைய அம்மா வெளியூரில் வேலை. அப்பா மிஷினை மிதித்துக்கொண்டிருக்க, அவள் நாள் முழுவதும் 'பொசுக்' என்றும் 'காயம்' என்றும் கத்திக்கொண்டிருப்பாள்.

ஆமாம், கோடு பெயின்டருடைய தெருவுக்கும் வந்தது. நட்டநடுவில் வந்தது. தையல்காரர் வீடு ஆரஞ்சுப் பக்கம், பெயின்டர் வீடு சிவப்புப் பக்கம்.

வழக்கம்போலத் தையல்காரர்தான் நூலைப் பிடித்தார். பெயின்டரின் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய் வெகுகாலம். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். சிலிண்டரின் தலையில் ஒரு மீட்டர் உண்டு, பாதி பச்சை, கடைசியில் சிவப்பு. முள் சிவப்பை நெருங்குவதற்குள் மருத்துவமனை வேன் வந்து புதிய சிலிண்டர் வைத்துவிட்டுப் போகும். மூச்சுதான் குறைவே தவிர அவளுக்குப் பேச்சு குறையவில்லை.

"ஏங்க, நாம எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"உள்பக்கம்னா நல்லதா?"

பெயின்டர் ரோலரை டின்னில் முக்கி எடுத்தார். "வேதனையே தெரியாதாம். சட்டுனு முடிஞ்சிடுமாம்."

"கவர்மெண்டு வேலை எதாச்சும் சட்டுனு முடிஞ்சு நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்கப் போய் இருமினாள். தையல்காரரும் சிரித்தார்.

ஆரஞ்சுப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வாரியம் தலா ஒரு டப்பா தீக்காயக் களிம்பு கொடுத்தது. தையல்காரர் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியில் விரலைச் சுட்டுக்கொண்டு அதில் கொஞ்சம் எடுத்துத் தடவிவிட்டார். ஆய்வுக்கு வந்தவர் கொதித்துப் போனார்.

"குண்டு விழுந்துடுச்சா?"

"இல்லைங்க. கை சுட்டுடுச்சு."

"அப்புறம் எப்படித் திறந்தீங்க? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் பேரிடரே கெட்டுப்போகுது."

அந்தக் களிம்புக்குக் காலாவதி தேதி இருந்தது இயக்குநரையும் வாட்டியது. அதற்குள் குண்டு விழுந்துவிட்டால் மக்கள் வரிப்பணம் வீணாகாது என்று வானொலியில் அவர் கவலையோடு சொன்னார்.

இதுவரை எல்லாம் பெயின்டுதான். அதற்குப் பிறகு தணிக்கை வந்தது.

தணிக்கையாளர்கள் ஒரு கையில் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு சிவப்பு வட்டத்துக்குள் நடந்தார்கள். மதிப்பீட்டில் மருத்துவமனை இல்லை, நேரில் இருந்தது. தீயணைப்பு நிலையம் இல்லை, நேரில் இருந்தது. தெருவிளக்கு இல்லை, ஆனால் எரிந்தது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மதிப்பீட்டை மேல்சபை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே அதில் தப்பு இருக்க முடியாது. மிச்சம் இருப்பது மருத்துவமனைதான்.

மருத்துவமனையை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். தீயணைப்பு வண்டிகள் மணியடித்துக்கொண்டே போயின, திரும்பி வரவில்லை. அணைந்த விளக்குகளை யாரும் மாற்றவில்லை. வாடகைக் கார்காரர்கள் கோட்டருகே வந்து இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். சிவப்புக்குள் இருந்த தெருக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வானம் தெளிவாக, நீலமாக, எந்தத் தவறும் செய்யாமல் மேலே இருந்தது.

ஒரு காலையில் ஆக்சிஜன் வேன் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"உள்ளே வாப்பா, நாலடி தூரம்தானே?" என்றார் பெயின்டர்.

"கோடு தாண்டக் கூடாதுன்னு உத்தரவு அண்ணே. இந்தத் தடவை இங்கேயே இறக்கிடறேன், உருட்டிட்டுப் போங்க. அடுத்த தடவை இதுவும் கிடையாது. அண்ணி பேரை எடுத்துட்டாங்க."

பெயின்டர் சிலிண்டரை வீட்டுக்கு உருட்டினார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வாரியத்துக்கு ஓடினார். இயக்குநர் அவரை மரியாதையாக உட்கார வைத்தார்.

"ஐயா, அவளால ஆக்சிஜன் இல்லாம ஒரு பொழுது தாங்க முடியாது. செத்துப்போயிடுவா."

"தெரியும். சேர்த்திருக்கிறோம்."

"எதுல ஐயா?"

"இறப்பவர்களின் மொத்தத்தில். உங்கள் மனைவி ஏற்கெனவே மொத்தத்தில் இருக்கிறார். இப்போது ஆக்சிஜன் இல்லாமலும் போனால், ஒருவர் இரண்டு முறை செத்ததாக ஆகும். அது இரட்டைப் பதிவு. நாங்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று பாருங்கள்."

பெயின்டர் எழுந்து வந்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த அறையிலிருந்து எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வருவார்கள்.

மறுநாள் பட்டப்பகலில் அவர் தெருவில் கூம்புகளை அடுக்கினார். பளபளக்கும் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டார். தார் நிறப் பெயின்டால் பழைய கோட்டை மறைத்தார். கூம்பு வைத்து வேலை செய்கிற ஆளை உலகத்தில் எவனும் கேள்வி கேட்பதில்லை. தையல்காரர்கூட நூலைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"கோடு உங்க வீட்டுக்கிட்ட வளையுதே அண்ணே?"

"மேலிடத்து உத்தரவு தம்பி."

"அப்படியா! அண்ணிக்கு நல்லதுதான்" என்று தையல்காரர் நூலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதைப் பார்க்கப் பெயின்டருக்குக் கூச்சமாக இருந்தது.

கோடு வீட்டின் பின்பக்கமாக வளைந்து போனது. அடுத்த முறை வேன் வாசல்வரை வந்தது. முள் பச்சையில் ஏறி நின்றது. பெயின்டர் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

வாரியம் கண்டுபிடிக்காமல் இருக்குமா? கண்டுபிடித்தது. பெயின்டர் கைகட்டி நின்றார். ஜெயில்தான் என்று நினைத்துப் பல்துலக்கும் பிரஷைக்கூடப் பையில் எடுத்துப் போயிருந்தார்.

"கோட்டைப் பார்த்தோம்" என்றார் இயக்குநர். "அது வாரியத்தின் கோடு. வாரியம் இதுவரை தவறு செய்ததில்லை. ஆகவே கோடு சரி. ஆகவே குண்டைத்தான் திருத்த வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பக்கம் அதிர்வலை சற்று ஒதுங்கிப் போகும் என்று நிபுணர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். வாழ்த்துகள்."

பெயின்டருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரே ஒரு சங்கடம்" என்றார் இயக்குநர். "மொத்தம் மேல்சபைக்குப் போய்விட்டது. அதில் இப்போது ரெண்டு பேர் குறையுறாங்க. நீங்களும் உங்க மனைவியும்."

"குறைஞ்சா நல்லதுதானே ஐயா?"

அறையில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லதா? அந்த ரெண்டு பேர் எங்கேன்னு மேல்சபை கேட்டா நான் என்ன பதில் சொல்றது? உயிரோட இருக்காங்கன்னா?" என்றார் இயக்குநர். "வளைச்சது நீங்க. ஈடு கட்டுறதும் நீங்கதான். ரெண்டு பேரை உள்ளே எடுங்க. யாராக இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான், வாரியம் பாரபட்சம் பார்ப்பதில்லை. இல்லையென்றால் பழைய கோட்டையே போட்டுவிடுங்கள்."

பெயின்டர் தள்ளுவண்டியோடு தெருவை மேலும் கீழும் அளந்தார். ஒரு வீட்டில் ஐந்து பேர், அது அதிகம். ஒரு வீட்டில் ஒரே ஒரு கிழவர், அது போதாது. இப்படி எண்ணுகிறோமே என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எண்ணினார். கடைசியில் வண்டி எங்கே போய் நின்றதோ, அங்கே மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா, மகள். சரியாக இரண்டு பேர்.

"வந்துட்டீங்களா அண்ணே? நூலைக் கொடுங்க" என்று தையல்காரர் எழுந்து வந்தார்.

அவரே பிடித்தார். அவர் வீட்டு வாசற்படியிலேயே குனிந்து பிடித்தார். சுண்ணக்கோடு விழுந்து, சிவப்பு ரோலர் பாதிவழி வந்த பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது என் வாசல்."

"மேலிடத்து உத்தரவு தம்பி."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

பெயின்டர் தலையைத் தூக்கவில்லை. ரோலர் தானாகப் போவதுபோலப் போனது. ஜன்னலில் இருந்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, அந்தப் பிள்ளை இருக்கிற வீடுங்க அது." அவர் காது கேளாதவர் போல இருந்துகொண்டார்.

சிவப்புக்கு வந்திருந்த புதிய உத்தரவின்படி அன்று மாலையே தையல்காரர் வீட்டில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். குழாயில் தண்ணீர் நின்றது. களிம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சிவப்பில் தோல் வேகாது, தோலே இருக்காது என்று ஆய்வுக்கு வந்தவர் பொறுமையாக விளக்கினார். இருட்டில் மிஷின் சத்தமும் ஓய்ந்தது. மகள் மட்டும் வாசலில் நின்று எந்தப் பக்கம் குதித்தால் 'பொசுக்', எந்தப் பக்கம் 'காயம்' என்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது விடிந்தது. பெயின்டர் கதவைத் திறந்தார். அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு புதுக்கோடு ஓடியது. பெயின்ட் இல்லை, துணியில் அளவு குறிக்கிற சாக்குக்கட்டி. விட்டு விட்டுப் போட்ட சின்னச் சின்னக் கோடுகள். அது தையல்காரர் வீட்டை வெளியே விட்டு, பெயின்டர் வீட்டை அழகாக உள்ளே எடுத்திருந்தது. எதிரே தையல்காரர் கையில் சாக்குக்கட்டியோடு நின்றார்.

"மேலிடத்து உத்தரவு அண்ணே" என்றார்.

பெயின்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மண்டிபோட்டுத் துடைக்க ஆரம்பித்தார். அவர் துடைக்கத் துடைக்கத் தையல்காரர் பின்னாலேயே போட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பல வருடமாக ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போன தெரு அது. அந்தத் தெருவில் கேட்கக் கூடாத வார்த்தைகள் எல்லாம் அன்று கேட்டன.

இந்த நேரத்தில் இயக்குநரின் கார் வந்து நின்றது. கோடு சரியாகிவிட்டதா என்று பார்க்க வந்தவர், இறங்கி நின்று சண்டையைக் கவனித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"மதிப்பீட்டின் ஐந்தாம் அத்தியாயம்!" என்றார். "'உயிர் தப்பியவர்கள் தண்ணீருக்கும் மருந்துக்கும் அண்டை வீட்டாரோடு மோதுவார்கள்.' குண்டு விழுந்து ஒரு வாரம் கழித்து நடக்க வேண்டியது. எவ்வளவு முன்கூட்டியே நடக்கிறது, பாருங்கள்! மருத்துவமனை இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, சண்டையும் வந்துவிட்டது. எல்லாம் மதிப்பீட்டின்படி. இனி குண்டு ஒன்றுதான் பாக்கி. அது வராவிட்டாலும் நாம் யாரையும் குறைசொல்லத் தேவையில்லை."

அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெருமுனையில் ஆக்சிஜன் வேன் தெரிந்தது. ஓட்டுநர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், சாக்குக் கோட்டைப் பார்த்தார், கார் அருகே நின்ற இயக்குநரையும் பார்த்தார். "எது கோடுன்னு முடிவானதும் சொல்லி அனுப்புங்க அண்ணே" என்று கத்திவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பெயின்டர் அதன் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் தையல்காரரும் ஓடினார். "நிறுத்துப்பா, இது வெறும் சாக்குக்கட்டிப்பா, துடைச்சா போயிடும்!" என்று கத்தியது தையல்காரர்தான். வேன் நிற்கவில்லை.

இருவரும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது பெயின்டரின் மனைவி ஜன்னலில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது.

"ஏங்க... இப்ப நாம எந்தப் பக்கம்?"

பெயின்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு சிலிண்டரின் தலையைக் காட்டினாள். முள் சிவப்புக்குள் போய்விட்டிருந்தது.

"ஐயா, உங்க கார்..." என்று பெயின்டர் இயக்குநரின் காலில் விழப் போனார்.

"மதிப்பீட்டைப் படித்துப் பாருங்கள்" என்றார் இயக்குநர், வருத்தமாக. "குண்டு விழுந்த பிறகு சிவப்புக்குள் எந்த வாகனமும் ஓடாது." சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

தையல்காரர் சாக்குக்கட்டியைக் கீழே போட்டார். உள்ளே போய் அவளை நாற்காலியோடு ஒருபக்கம் பிடித்தார், பெயின்டர் மறுபக்கம் பிடித்தார். சிறுமி சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் குழாய் இழுபடாமல் கூடவே தள்ளினாள். சாக்குக் கோட்டை மிதித்துக்கொண்டு போனார்கள், சிவப்பைத் தாண்டினார்கள்.

"ரொம்ப தூரமாண்ணே?" என்று தையல்காரர் கேட்டார்.

பெயின்டர் நடையை எட்டிப் போட்டார். மருத்துவமனை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மஞ்சள் கோடு எவ்வளவு தூரம் என்பது அந்த நகரத்தில் அவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும்.